நான்காவது பட்டன்

பிப்ரவரி 4

ஆசிரியை அம்மாவுக்கு,

போனை எடுத்தால் நாம் இரண்டு பேரும் வக்கீலாகிவிடுகிறோம், இனி எதுவானாலும் எழுது என்று சொன்னவள் நீதான். அதனால் எழுதுகிறேன். படத்துக்குக் கீழே போடும் ஒற்றை வரியை எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். முன்னே பின்னே இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

எங்கள் அலுவலகத்தில் பயிற்சி நிருபராக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பகலில் இங்கே வேலை, சாயங்காலம் ஆன்லைனில் இதழியல் படிப்பு. நேற்று கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்து செல்போனை நீட்டினாள். "சார், எங்க மேடம் ஒரு கேஸ் குடுத்திருக்காங்க. நீங்களா இருந்தா எதை அமுக்குவீங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஒலியை ஓடவிட்டாள். தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவில் உன் குரல் வந்தது.

ஒரு தொழிற்சாலையில் தீ. கேட்டுக்கு வெளியே தொழிலாளர்களின் குடும்பங்கள். கையை உயர்த்திக் கதறும் ஒரு பெண்ணைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுக்கிறார். அந்தப் பெண் அவருடைய மனைவியின் அக்கா. படத்தை என்ன செய்யலாம்? கீழே மூன்று பட்டன்கள்: பிரசுரிக்கலாம், முகத்தை மறைத்துப் பிரசுரிக்கலாம், பிரசுரிக்க வேண்டாம். மூலையில் கடிகாரம் ஓடுகிறது.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாளோ, தெரியவில்லை.

பிறகு அறைக்கு வந்து நானே திறந்தேன். இந்த அறையைப் பற்றி உனக்கு எழுதவே இல்லை. அலுவலகம் கொடுத்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள்தான் தெரியும், அதனால் திறப்பதில்லை. கட்டிலில் உட்கார்ந்து 'பிரசுரிக்கலாம்' என்பதை அமுக்கினேன். பேப்பர் விற்கிறது, குடும்பம் உடைகிறது, புகைப்படக்காரர் வேறு ஊருக்குப் போகிறார். முகத்தை மறைத்தேன். மறைத்தும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது, அவர் வேறு ஊருக்குப் போகிறார். 'வேண்டாம்' என்பதை அமுக்கினேன். பத்திரிகை ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறார், அப்போதும் வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். மூன்று வழியிலும் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

இன்னொன்று. இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். யாரைக் கேட்டுச் சொல்வது?

இப்படிக்கு,
உன் பாடத்தில் வரும் ஆள்

*

பிப்ரவரி 7

புகைப்படக்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாடம் உங்களைப் பற்றியது அல்ல. தொழிற்சாலை எது, ஊர் எது, பத்திரிகை எது என்று எதையும் சொல்லவில்லை. படத்தையும் போடவில்லை. அதில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டவர் நீங்கள்.

நான் ஏன் இப்படிப் பாடம் நடத்துகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 'துயரத்தில் இருப்பவர்களின் கண்ணியத்தை மதிக்க வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதினால் எல்லோரும் அழகாகக் குறித்துக்கொள்கிறார்கள், பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். அதோடு சரி. இப்போது திரையில் கேஸ் வருகிறது, கடிகாரம் ஓடுகிறது, அமுக்கியாக வேண்டும். அமுக்கியதும் வகுப்பு எப்படிப் பிரிந்து நிற்கிறது என்று திரையில் வட்டப் படமாகக் காட்டும். போன வாரம் சரிபாதியாகப் பிரிந்தார்கள். கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குகிற ஆசாமிகள்கூட மைக்கைப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். ஒரு பையன், "மேடம், டைம் இல்லாம எப்படி யோசிக்கிறது?" என்றான். அலுவலகத்திலும் இவ்வளவுதான் நேரம் கிடைக்கும் என்று சொன்னேன்.

சொல்லும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். பாடம் உங்களைப் பற்றியது அல்ல என்று மேலே எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

உங்களுக்கு நேரம் இருந்தது. கேமராவில் எடுத்ததெல்லாம் தானாகவே அலுவலகத்துச் செய்தி டெஸ்க்குக்குப் போய்விடுகிற ஏற்பாடு என்றீர்கள். சரி, போய்விட்டது. அதைத் தடுக்க ஒரு போன் போதும். சாயங்காலம் முழுவதும் அந்தப் போன் உங்கள் சட்டைப் பையில்தான் இருந்தது. மறுநாள் காலையில், தீயில் போன மாமாவின் உடலுக்காக எல்லோரும் அக்கா வீட்டில் காத்திருந்தபோது, பேப்பர் போடுகிறவர் வழக்கம்போல் வாசலில் எறிந்துவிட்டுப் போனார். சுருளைப் பிரித்தவள் நான். முதல் பக்கத்தில் அக்கா. கீழே உங்கள் பெயர்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தலைமை அலுவலகம் பதவி கொடுத்து உங்களைக் கூப்பிட்டது. அந்தப் பதவிக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர என்னால் முடியாது என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் முடியாது. மாதக் கடைசிக்குள் என்ன பதில் சொல்வது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் திரும்பி வரும் வழியையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் எழுத வரவில்லை. அதற்கு நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
ஆசிரியை

*

பிப்ரவரி 9

ஆசிரியை அம்மாவுக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்' போட்டிருக்கிறாய். ஒரே பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து 'நீ, வா, போ' என்று பழகினவர்கள் நாம். சரி, போகட்டும்.

போன் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று முதலில் எழுதினேன். பொய், அடித்துவிட்டேன். கொஞ்சம் குத்திக்காட்டத்தான். பேப்பரைச் சுருட்டி என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நீ என்னிடம் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "போடறதுக்கு முன்னாடி அக்காகிட்ட கேட்டியா?" என்றாய்.

உன் பாடத்தில் வகுப்பு வகுப்பாக, ஊர் ஊராகப் பிள்ளைகள் அக்காவைப் பற்றி ஓட்டுப் போடுகிறார்கள். எங்கள் அலுவலகக் கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டது. படம் இல்லை, பெயர் இல்லை, எல்லாம் சரி. நீ அக்காவிடம் கேட்டாயா?

அக்கா எப்படி இருக்கிறார்? இதை நேராகக் கேட்க எனக்கு முகம் இல்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

நான்

*

பிப்ரவரி 16

உனக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபம். கோபம் போனதும் அதைவிட மோசமான ஒன்று வந்தது. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்னெறிப் பாடம் நடத்துகிற எனக்கு.

வெள்ளிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டு அக்காவின் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்னும் அதே நாற்காலி, எதிர்ச் சுவரில் அதே எழுத்துப் பலகை. ஒரு பெரியவருக்கு அந்தக் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு, ஒவ்வொரு வில்லையாகச் செருகி, "இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போகும் வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், போனையே கவுண்டரில் அவள் முன்னால் வைத்துவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கடிகாரம் ஓடி முடிந்து, 'நேரம் முடிந்தது' என்று வந்தது. அவள் எதையும் அமுக்கவில்லை.

"இது நான்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"மூணு பட்டன் வெச்சிருக்கே. மூணும் அவன் அமுக்குறது. என்கிட்ட கேக்கிற பட்டன் எங்கடி?"

அவள் அதோடு விடவில்லை.

"அப்புறம் நான் எங்கடி கதறினேன்? நீ அங்க இருந்தியா? உங்க மாமா உள்ள இருக்காரு. கேட்டுல நிக்கிறவன் யாரையும் விடமாட்டேங்கிறான். அந்தப் பக்கம் பாத்தா உன் புருஷன், அந்த ஒட்டகம் நிக்கிறான், கழுத்துல ப்ரெஸ் கார்டு. அவன் ஒரு வார்த்தை சொன்னா உள்ள விடுவாங்கன்னு கைய ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். என்னைப் பாத்தான். கேமராவை எறக்கினான். அப்படியே திரும்பிப் போயிட்டான்."

பேசிக்கொண்டே சோதனை வில்லைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். கை நிற்கவே இல்லை.

"படத்தை விடு. பேப்பர்காரன் படம் போடுவான், அதுக்குத்தானே சம்பளம். கூப்பிட்டேன், வரல. சாவுக்கும் தூரத்துல நின்னுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. சொந்தத் தம்பி மாதிரி வெச்சிருந்தேன்."

இதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊர் முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். 'கையை உயர்த்திக் கதறும் பெண்' என்று என் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறேன். அவள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நீ ஏன் போனாய்?

பாடத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். இன்னொரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யார் யார் வந்து போகிறார்கள் என்று எனக்குப் பட்டியல் வரும். 'பார்வையாளர்' என்ற பெயரில் ஒருவர் தினமும் வருகிறார். முதல் பக்கத்தில் ஒலியைக் கடைசி வரைக்கும் கேட்கிறார். முதல் நாள் மட்டும் மூன்றையும் அமுக்கினார், அதற்குப் பிறகு எதையும் அமுக்காமல் போய்விடுகிறார். மறுபடியும் வருகிறார். என் மாணவர்களில் இவ்வளவு பொறுமைசாலி யாரும் கிடையாது.

நான்தான்

*

பிப்ரவரி 18

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். பயிற்சிக்கு வந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். நல்ல நிருபராக வருவாள்.

ஏன் போனாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். லென்ஸுக்குள் அக்காவின் முகம் வந்தபோது விரல் அமுக்கிவிட்டது. அது தொழில் பழக்கம். அமுக்கிய பிறகுதான் அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. கை மேலே போனது, ஆடியது. 'எடுக்காதே, போ' என்கிறார் என்று நினைத்தேன். கண் முன்னால் புருஷன் எரிகிறான், தங்கை புருஷன் படம் எடுக்கிறான், வேறு என்ன சொல்வார்? கேமராவை இறக்கிக்கொண்டு பின்பக்கக் கேட்டுக்குப் போய்விட்டேன். அவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் நான் காட்டும் மரியாதை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுத் தெரு வழியாகக்கூடப் போகவில்லை. சகலையின் சாவுக்கு வந்தபோதும் லாரிக்குப் பின்னால்தான் நின்றேன்.

கூப்பிட்டாரா? ப்ரெஸ் கார்டைக் காட்டியிருந்தால் என்னை உள்ளே விட்டிருப்பார்கள். அவரை விட்டிருப்பார்களா என்று தெரியாது. சகலையைக் காப்பாற்றியிருக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருப்பேன். இதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பார்வையாளரைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த ஆள் பாடம் படிக்க வரவில்லை. அவனுக்கு வேறு எங்கும் உன் குரல் கிடைப்பதில்லை. நீ 'கேட்டுக்கு வெளியே' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் மூச்சு வாங்குகிறாய், அது அவனுக்கு மனப்பாடம். 'மனைவியின் அக்கா' என்கிற இடத்தில் பின்னால் சமையலறை அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது. நான் எண்ணெய் போடுகிறேன், போடுகிறேன் என்று சொல்லிக் கடைசி வரைக்கும் போடாத கதவு. அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் இரண்டு தரம் கேட்பேன். நீ பாடத்தைக் கழற்றி வைத்தது தெரியாமல் நேற்றும் போய்ப் பார்த்தேன். 'இந்தப் பக்கம் இப்போது இல்லை' என்று வந்தது. வேலைக்கே போகப் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் மறுபடியும் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு அங்கே வர ஆசை. அக்கா வாசலில் ஏற விடுவாரா, நீ கதவைத் திறப்பாயா என்று தெரியாமல் எந்த முகத்தோடு வருவது?

உன்
ஒட்டகம்

*

பிப்ரவரி 24

ஒட்டகத்துக்கு,

பாடத்தை மறுபடியும் ஏற்றிவிட்டேன். அக்காதான் ஏற்றச் சொன்னாள். "எடுத்துட்டா மட்டும் பசங்களுக்குப் புத்தி வந்துடுமா? பட்டனைச் சேத்துட்டுப் போடு" என்றாள். இப்போது நான்காவதாக ஒரு பட்டன் இருக்கிறது: 'அவரிடம் கேளுங்கள்'. 'கதறும்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். கையை உயர்த்தும் பெண், அவ்வளவுதான். ஒலியைப் புதிதாகப் பதிவு செய்தேன். அலமாரிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டேதான் பேசினேன்.

நான்காவது பட்டனை அமுக்கினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், கேள்வியை எழுதலாம். கேள்வி நேராக அக்காவின் போனுக்குப் போகிறது. அவளே பதில் சொல்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம்க்கா, மனசு கஷ்டப்படும் என்றேன். "அதையும் என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லு" என்றாள். பாடம் எனக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை.

புதிய பாடத்தை முதல் தரம் திறந்தபோது பாதிப் பேர் நான்காவது பட்டனைப் பார்க்காமலேயே மேலே இருப்பதை அமுக்கிவிட்டார்கள். பழக்கம். ஒருவன் அமுக்கி, 'இந்த நேரத்தில் உங்கள் உணர்வு என்ன?' என்று எழுதினான். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அக்கா பதில் போட்டாள்: 'இந்தக் கேள்வியைக் கேக்காம இருக்கப் பழகு தம்பி.' வகுப்பே சிரித்தது. இன்னொரு பெண், 'உங்களுக்கு இப்போது ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கேட்டாள். அதற்கு, 'அன்னிக்கு இதைத்தான் யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்' என்று வந்தது. நான் வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன். கேட்ட பெண் உன் கேன்டீன் பெண்தான்.

முந்தாநாள் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று இருந்தது. ஒட்டகம். அந்த ஆள் ஒலியைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, இந்த முறை ஒன்றை அமுக்கியிருக்கிறார். நீ பெட்டியில் என்ன எழுதினாய் என்று எனக்குத் தானாகத் தெரிய வராது. வகுப்பு நேரத்துக்கு வெளியே வரும் கேள்விகளை நான் பார்க்க முடியாத மாதிரிதான் செய்து வைத்திருக்கிறேன். அக்காதான் என்னைக் கடைக்கு வரச் சொல்லிப் போனைக் காட்டினாள். 'அக்கா, அன்றைக்குக் கூப்பிட்டதற்கு இப்போது வரலாமா?' என்று இருந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கவுண்டரில் இருந்த கைக்கண்ணாடியை எடுத்துத் தன்னைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், நான் அப்படியே எழுதுகிறேன்:

"இதுக்கு நான் போன்ல பதில் போடமாட்டேன். நீயே எழுது. வரச் சொல்லு. ஒட்டகம் மாதிரி ஒரு செம்புத் தண்ணியை நின்னுக்கிட்டே குடிப்பானே, குடிச்சு ரொம்ப நாளாச்சு. கேமராவையும் எடுத்துட்டு வரச் சொல்லு. அன்னிலேர்ந்து ஒருத்தரும் என்னைப் படம் எடுக்கல. கல்யாண வீட்லகூட என் பக்கம் வந்தா கேமராவைத் திருப்பிக்கிறாங்க. தீ விபத்துன்னு தேடினா அந்த ஒரு முகம்தான் வருது. எனக்கு வேற முகமும் இருக்கு. அதையும் அவனே எடுக்கட்டும்."

அக்கா சொன்னது முடிந்தது. இனி நான்.

அவள் கூப்பிட்டுவிட்டாள் என்பதால் நானும் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் போன் உன் சட்டைப் பையில் இருந்ததை நான் மறக்கவில்லை. அவளைக் கேட்காமல் நான் பாடம் போட்டதை நீயும் மறக்க வேண்டாம். இந்தச் சண்டை பாக்கி இருக்கிறது, இதைக் கடிதத்தில் போட்டு முடிக்க முடியாது. எதிரில் உட்கார்ந்து போட வேண்டும். உன் நாற்காலியில் நான் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன், காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல். எனக்கு நீ வேண்டும். இதை எழுதவா நான் இத்தனை நாள் யோசித்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான்காவது பட்டனுக்கு அப்புறம் என்ன வரும் என்று நான் இன்னும் எழுதவில்லை. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், "மேடம், அந்த ஃபோட்டோகிராபர் என்ன ஆனாரு?" என்று.

உன்
ஆசிரியை

*

பிப்ரவரி 26

என் ஆசிரியைக்கு,

நிரந்தரமாக இருக்க முடியாது என்று இன்று காலை அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். அங்கே பழைய மேஜை காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். மேஜை இருக்கிறது, பதவி இருக்காது என்றார்கள். மேஜை போதும் என்றேன். பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் மட்டும், உன் கேஸில் வரும் ஆள் நான்தான் என்று சொன்னேன். "தெரியும் சார்" என்றாள்.

சனிக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து நேராக அக்கா கடைக்குப் போவேன், வீட்டுக்கு அப்புறம்தான், கோபித்துக்கொள்ளாதே. முதலில் தண்ணீர் கேட்பேன். கேமரா பைக்குள்ளேயே இருக்கும். எங்கே உட்கார வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டா, கழற்றிவிட்டா என்பதையெல்லாம் அக்கா சொல்லட்டும். எடுத்த பிறகு அவரே பார்த்துப் 'போடு' என்று சொன்னால்தான் யாருக்கும் காட்டுவேன்.

நீயும் கடைக்கு வா. நாற்காலியில் இருக்கும் துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிடு. கதவுக்கு மட்டும் எண்ணெய் போடாதே. நான் வந்து போடுகிறேன்.

ஒட்டகம்